அவிழ்த்துவிடும் முன்: ஸ்ரீராம்புரத்து நாயோடு திறந்தவெளிக்கும் தண்ணீருக்கும் போக ஒரு முழுமையான வழிகாட்டி

பெங்களூர் ஸ்ரீராம்புரத்தில் பெரும்பாலும் இருபதுக்கு முப்பது சைட்டில் மூன்று மாடி எழும்பிய வீடுகள்தான். வாசலில் இரண்டு ஸ்கூட்டர், ஒரு தண்ணீர் டிரம், அதற்குப் பின்னால் ஒரு நாய். காலையும் மாலையும் செயினில் தெருமுனை வரை போய் வரும். மீதி நேரம் கேட்டருகே படுத்திருக்கும், இல்லையென்றால் மாடிப்படியில் ஏறி இறங்கும். பாசத்துக்கும் சோற்றுக்கும் அதற்குக் குறையில்லை. ஆனால் நடை வேறு, ஓட்டம் வேறு. நாலு கால் பாய்ச்சலில் ஓடி, வளைந்து திரும்பி, நாக்கு தொங்க மறுபடியும் ஓடுகிற சுகத்தை எத்தனை மணி நேரம் செயினில் நடந்தாலும் ஈடுகட்ட முடியாது.

அந்தச் சுகத்தைத் தருவதற்கென்றே நாய்ப் பூங்காக்கள் வந்தன. அமெரிக்காவின் பெர்க்லி நகரில் 1979-ல் திறந்த ஓலோன் பூங்காவை இவற்றுக்கெல்லாம் முன்னோடி என்பார்கள். இன்று உலகம் அறிந்த பெரிய நாய்ப் பூங்காக்களில் ஒன்று சியாட்டில் அருகே ரெட்மண்டில் இருக்கும் மேரிமூர். சுமார் 40 ஏக்கர் புல்வெளி, அதை ஒட்டி ஓடும் சமாமிஷ் ஆறு, நாய்கள் ஆற்றில் இறங்கத் தனித்தனித் துறைகள். அதே ஊரில் மைக்ரோசாஃப்டில் வேலை பார்க்கும் நம்மவர்கள் பலருக்கு அது பழகிய இடம். நம் நாட்டில் ஐதராபாத் மாநகராட்சி 2018-ல் கொண்டாபூரில் 1.3 ஏக்கரில் ஒன்று திறந்தது. நாய்கள் நனைந்து விளையாட அங்கே சிறு குளமும் உண்டு.

ஸ்ரீராம்புரத்திலிருந்து புறப்படுகிறவருக்கு வாசல்படியில் ஆறு கிடையாது. ஆனாலும் வழி இருக்கிறது. அதைப் படிப்படியாகச் சொல்கிறேன். எந்தப் படியையும் தாண்ட வேண்டாம், முக்கியமாக இரண்டாவதை.

எங்கே போகலாம், எங்கே கூடாது

பக்கத்தில் இருப்பது சாங்கி ஏரி. 1882-ல் ரிச்சர்ட் சாங்கி கட்டியது. கரையில் நடைபயிற்சிக் கூட்டம், தண்ணீரில் பறவைகள். அங்கே நாயை அவிழ்ப்பதும் தண்ணீரில் இறக்குவதும் வேண்டவே வேண்டாம். லால்பாக்கில் செல்லப்பிராணிகளுக்கு அனுமதி இல்லை.

அதே சாங்கி 1870-ல் திட்டமிட்டுக் கொடுத்த கப்பன் பூங்காதான் நமக்குக் கைகொடுக்கிறது. பூங்காவின் பரப்பு சுமார் 300 ஏக்கர். அதற்குள் நாய்களுக்கென்று வேலி போட்டு ஒதுக்கிய பகுதி இருக்கிறது. அவிழ்த்துவிட வேண்டிய இடம் அதுதான். பூங்கா முழுக்க அல்ல. இந்த வித்தியாசத்தைப் பலர் பொருட்படுத்தாமல் போனதால்தான் 2022-ல் கப்பன் பூங்காவுக்குள் வளர்ப்பு நாய்களே வரக் கூடாது என்று தடை போடும் அளவுக்குத் தோட்டக்கலைத் துறை போனது. அவிழ்த்துவிடுகிறார்கள், அசிங்கம் செய்தால் அள்ளுவதில்லை என்பதுதான் புகார். நாய் வளர்ப்பவர்கள் திரண்டு எதிர்த்த பிறகு அந்தத் தடை நின்றது. இன்று நமக்கு அங்கே இருப்பது அப்படிக் காப்பாற்றி வைத்த இடம் என்பதை மனதில் வைத்துக்கொண்டு உள்ளே போங்கள்.

நீச்சல் வேண்டுமென்றால் நகர விளிம்புக்குப் போக வேண்டும். ஹென்னூர், சர்ஜாபுரா பக்கங்களில் நாய்களுக்கென்றே நீச்சல் குளத்தோடு தனியார் பூங்காக்கள் நடக்கின்றன. போவதற்கு முன் போன் செய்து நான்கு கேள்வி கேளுங்கள்: தடுப்பூசி அட்டையைப் பார்த்துத்தான் உள்ளே விடுகிறீர்களா? சின்ன நாய்க்கும் பெரிய நாய்க்கும் தனித்தனி இடமா? குளத்தில் இறங்கப் படியோ சரிவோ இருக்கிறதா? தண்ணீரை எப்போது மாற்றுகிறீர்கள்? முதல் கேள்விக்கே “அதெல்லாம் பார்க்கறதில்ல சார், தாராளமா வாங்க” என்று பதில் வந்தால் அந்த இடத்தை விட்டுவிடுங்கள்.

ராட்வைலர், பிட்புல் வளர்ப்பவர்கள் ஒன்று கூடுதலாகக் கேட்க வேண்டும். 2024 மார்ச்சில் மத்திய அரசு 23 இனங்களுக்குத் தடை சொல்லி அனுப்பிய சுற்றறிக்கையைக் கர்நாடக உயர் நீதிமன்றம் ஏப்ரலில் ரத்து செய்துவிட்டது. இருந்தாலும் சில தனியார் இடங்கள் தங்கள் விதிப்படி மறுக்கலாம். ஒரு மணி நேரம் பயணம் செய்து வாசலில் நின்று திரும்புவதைவிட முதலிலேயே கேட்டுக்கொள்வது நல்லது.

படி 1: ஊசி, மாத்திரை, அட்டை

குட்டியாக இருந்தால் தடுப்பூசித் தொடர் முழுவதும் முடிந்து இரண்டு வாரம் ஆகும் வரை பூங்கா கிடையாது. பார்வோ வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும், கண்ணுக்குத் தெரியாது. வளர்ந்த நாய்க்கு வருடாந்தர ரேபிஸ் ஊசியும் கூட்டுத் தடுப்பூசியும் நாள் தவறாமல் இருக்க வேண்டும். தண்ணீரில் இறக்கப் போகிறீர்கள் என்றால் அந்தக் கூட்டுத் தடுப்பூசியில் லெப்டோஸ்பைரோசிஸுக்கு எதிரானதும் சேர்ந்திருக்கிறதா என்று டாக்டரிடம் கேளுங்கள். எலிச் சிறுநீர் கலந்த தண்ணீரில் பரவும் நோய் அது. நாயிடமிருந்து மனிதருக்கும் தொற்றும்.

உண்ணிக்கான மாத்திரையோ கழுத்தில் விடும் சொட்டு மருந்தோ போகும் நாளுக்கு முன்பே கொடுத்திருக்க வேண்டும். பெங்களூரில் நாய் வளர்க்கும் எவரையும் கேளுங்கள், டிக் ஃபீவர் என்றாலே முகம் மாறும்.

பெட்டை நாய் ஹீட்டில் இருக்கும் நாட்களில் எந்தப் பூங்காவுக்கும் கூட்டிப் போகாதீர்கள். தெருவிலிருந்து எடுத்து வளர்க்கும் நாயின் காது நுனியில் சின்ன வெட்டு இருந்தால் கருத்தடை ஆகிவிட்டது என்று அர்த்தம், அந்தக் கவலை இல்லை.

அட்டையையும் மாநகராட்சி லைசென்ஸையும் போட்டோ எடுத்துப் போனில் வைத்துக்கொள்ளுங்கள். கழுத்துப் பெல்ட்டில் உங்கள் போன் நம்பர் பொறித்த தகடு தொங்கட்டும்.

படி 2: கூப்பிட்டால் வரவேண்டும்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியைத்தான் நீங்கள் படிக்கப் போகிறீர்கள் என்றால் அது இதுவாக இருக்கட்டும். கூப்பிட்டதும் திரும்பி வராத நாய்க்கு அவிழ்த்துவிடும் உரிமை இன்னும் வரவில்லை. அது நாயின் குற்றம் இல்லை. நாம் சொல்லிக்கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

முதலில் வீட்டில் உள்ளவர்கள் எல்லோரும் உட்கார்ந்து ஒரே ஒரு சொல்லை முடிவு செய்யுங்கள். நம் வீடுகளில் பாட்டி “வாடா கண்ணு” என்பார், பையன் “கம்” என்பான், மாடியில் குடியிருக்கும் கன்னடக்கார அக்கா “பா, பா” என்பார். நாய் மூன்று பேரையும் பார்த்துவிட்டு எதற்கும் அசையாது. எந்தச் சொல்லாக இருந்தாலும் சரி, ஒன்றுதான். அந்தச் சொல்லைத் திட்டுவதற்கும் குளிப்பாட்டக் கூப்பிடுவதற்கும் பயன்படுத்தாதீர்கள்.

பிறகு கூலி. பிஸ்கட் போதாது. வேகவைத்த கோழி ஈரலைச் சுண்டுவிரல் நகம் அளவுக்கு நறுக்கி ஒரு டப்பாவில் எடுத்துக்கொள்ளுங்கள். உப்பு, மசாலா, வெங்காயம் எதுவும் சேர்க்கக் கூடாது. முதலில் வீட்டுக்குள் ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்குக் கூப்பிடுங்கள். வந்ததும் ஈரல், கூடவே நல்ல பாராட்டு. அடுத்து மொட்டை மாடி. அடுத்து தெருவில் செயினோடு. கடைசியாகப் பத்து மீட்டர் நைலான் கயிற்றை ஹார்னஸில் கட்டி, ஆளில்லாத விடிகாலையில் ஒரு மைதானத்தில். கயிற்றைக் கழுத்துப் பெல்ட்டில் கட்டாதீர்கள். ஓடிவிட்டுச் சட்டென்று நின்றால் கழுத்து நோகும்.

மைதானத்தில் என்ன நடக்கும் என்று சொல்கிறேன். எங்கள் தெருவில் பிறந்து வளர்ந்த செவலைப் பெட்டை ஒன்று. மூக்கு மண்ணில், காது மட்டும் நம் பக்கம். கூப்பிட்டதும் ஒரு காது திரும்பும், தலை திரும்பாது. அந்த ஒரு விநாடிதான் தருணம். இரண்டாவது முறை கத்திக் கூப்பிடக் கூடாது. பத்துத் தடவை கூப்பிட்டால் பத்தாவதுக்குத்தான் வர வேண்டும் என்று அது கற்றுக்கொள்ளும். எதிர்ப்பக்கமாக நாலு எட்டு ஓடுங்கள், குனிந்து உட்காருங்கள். துரத்துவது அதற்குப் பிடித்த விளையாட்டு, தானாக வரும். வந்ததும் ஈரலைக் கொடுத்து, பெல்ட்டைத் தொட்டுப் பிடித்து, உடனே “போ” என்று விட்டுவிடுங்கள். ரகசியம் இந்தக் கடைசி வேலையில்தான். வந்தால் ஆட்டம் முடிந்துவிடும் என்று தெரிந்த நாய் வராது. வந்தாலும் ஆட்டம் தொடரும் என்று நம்புகிற நாய் வரும்.

வேறு நாய் தெரியும்போதும், பந்து உருளும்போதும், யாராவது டிபன் பாக்ஸைத் திறக்கும்போதும் முதல் கூப்பிடலுக்கே வருகிறதா? வருகிறதென்றால் கிளம்பலாம். வாரக்கணக்கில் பிடிக்கும், சில நாய்களுக்கு மாதக்கணக்கில். அவசரம் வேண்டாம்.

ஊரிலிருந்து ராஜபாளையம், சிப்பிப்பாறை கொண்டுவந்து வளர்ப்பவர்களும், கர்நாடகத்தின் முதோள் வளர்ப்பவர்களும் இங்கே அதிகம். 2005-ல் அஞ்சல்தலையில் ஏறிய நாய்களில் ராஜபாளையமும் முதோளும் உண்டு. அந்தப் பெருமை நமக்கு எப்போதும் உண்டு. ஆனால் இவை கண்ணால் கண்டதைத் துரத்தப் பிறந்த நாய்கள். அணில் ஓடினால் காது அடைத்துவிடும், எவ்வளவு பழக்கியிருந்தாலும். இவற்றை வேலி இல்லாத இடத்தில் ஒருபோதும் அவிழ்க்காதீர்கள்.

படி 3: பையில் என்ன

குடிக்க வீட்டுத் தண்ணீர், ஒரு கிண்ணம், பழைய துண்டு இரண்டு. மலம் அள்ளச் செய்தித்தாளும் கவரும், தேவைக்கு இரண்டு மடங்காக. மறந்து வந்தவருக்கும் கொடுக்கலாம். நீளமான செயின் ஒன்று, உதிரியாக இன்னொன்று. ஈரல் டப்பாவைப் பூங்கா வாசல் வரை மட்டும் வைத்திருங்கள். பல நாய்கள் கூடியிருக்கும் இடத்தில் தின்பண்டமும் பிடித்த பொம்மையும் சண்டைக்கு விதை.

படி 4: போய்ச் சேருவது

தெருமுனையிலேயே ஸ்ரீராம்புரம் மெட்ரோ ஸ்டேஷன் இருந்தாலும் நம்ம மெட்ரோவில் நாயை ஏற்ற முடியாது. ஆட்டோதான் கை கொடுக்கும். ஏறும் முன்பே “அண்ணா, நாய் இருக்கு, சீட்ல துண்டு விரிச்சுக்கறேன்” என்று சொல்லிவிட்டால் பாதிப் பேர் ஒத்துக்கொள்வார்கள். 2024-ல் ஊபர் செல்லப்பிராணிகளுக்கான சேவையை இந்தியாவில் முதலில் தொடங்கியது பெங்களூரில்தான். தூரமான இடத்துக்கு அது உதவும். சேஷாத்ரிபுரம், ஆனந்தராவ் சர்க்கிள் வழியாகக் கப்பன் பூங்காவுக்கு ஞாயிறு விடிகாலையில் சீக்கிரமே போய்விடலாம். புறப்படும் முன் சோறு வேண்டாம். வயிறு நிறைந்த நாய் வண்டியில் வாந்தி எடுக்கும், ஓடும்போது வயிறு முறுக்கிக்கொள்ளும் ஆபத்தும் உண்டு, அதுவும் பெரிய இனங்களுக்கு.

மார்ச் முதல் மே வரை காலை எட்டு மணிக்குள் திரும்பிவிடுங்கள். தார்ச் சாலையில் புறங்கையை வைத்து ஐந்து விநாடி தாங்க முடியவில்லை என்றால் அதன் பாதமும் தாங்காது.

படி 5: வாசலில்

ஒழுங்காக அமைத்த பூங்காவில் இரண்டு கதவு இருக்கும், நடுவில் ஒரு சிறு கூண்டு. முதல் கதவைச் சாத்திவிட்டு, அந்தக் கூண்டில் வைத்துச் செயினைக் கழற்றி, பிறகு இரண்டாவதைத் திறக்க வேண்டும். செயினோடு உள்ளே போகாதீர்கள். சுற்றிலும் அவிழ்ந்த நாய்கள் வந்து மோப்பம் பிடிக்கும்போது தான் மட்டும் கட்டுண்டிருப்பதாக உணரும் நாய் பயந்து கடிக்கும்.

உள்ளே விடும் முன் ஐந்து நிமிடம் வேலிக்கு வெளியே நின்று பாருங்கள். கூட்டம் அதிகமா, முரட்டு ஆட்டம் நடக்கிறதா, உரிமையாளர்கள் நாயைப் பார்க்கிறார்களா போனைப் பார்க்கிறார்களா? சரியில்லை என்று பட்டால் வெளியே செயினில் ஒரு சுற்று நடந்துவிட்டு வீட்டுக்கு வாருங்கள். முதல் நாள் அப்படி முடிந்தாலும் அது நல்ல நாள்தான்.

படி 6: உள்ளே அரை மணி நேரம்

நிற்காமல் நடந்துகொண்டே இருங்கள். நீங்கள் நகர்ந்தால் நாயும் நகரும், ஒரே இடத்தில் கும்பல் சேராது. முன்னங்காலைத் தரையில் படிய வைத்து பின்பக்கத்தைத் தூக்கினால் விளையாட அழைக்கிறது. ஒன்றை ஒன்று மாறி மாறித் துரத்தினாலும் விளையாட்டு. மூன்று நாய் சேர்ந்து ஒன்றையே துரத்தினால் அது விளையாட்டு இல்லை. உடல் விறைத்து, வாய் மூடி, வால் கம்பி போல் நிமிர்ந்து, கண்ணோரம் வெள்ளை தெரிந்தால் உடனே கூப்பிட்டு எடுங்கள். வாலைக் காலுக்கிடையில் செருகி உங்கள் பின்னால் ஒளிந்தால் “போ, போய் விளையாடு” என்று தள்ளாதீர்கள். உங்களை நம்பித்தான் பின்னால் நிற்கிறது.

அடுத்தவர் நாய் தொல்லை கொடுத்தால் தயங்காமல் சொல்லுங்கள்: “அண்ணா, கொஞ்சம் கூப்பிட்டுக்குங்க, எங்க பொண்ணு பயப்படறா.” கன்னடத்தில் “ஸ்வல்ப நிம்ம நாயின கரீரி” என்றால் போதும், யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். நாட்டு நாயைக் கண்டு முகம் சுளிக்கிறவர்கள் ஒன்றிரண்டு பேர் இருப்பார்கள். ஸ்ரீராம்புரம் சந்தில் பிறந்த நாய்க்கு இறக்குமதி நாய்க்கு உள்ள அதே உரிமை உண்டு. நீங்கள் தலை நிமிர்ந்து நில்லுங்கள்.

சண்டை மூண்டால் கழுத்துப் பக்கம் கையை விடாதீர்கள். தண்ணீரை வீசுங்கள், பலமாக ஓசை எழுப்புங்கள். பிரியவில்லை என்றால் இரண்டு உரிமையாளர்களும் ஒரே நேரத்தில் தத்தம் நாயின் பின்னங்கால்களைத் தூக்கிப் பின்னோக்கி இழுக்க வேண்டும். மனிதருக்குக் கடி பட்டால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, அன்றே மல்லேஸ்வரம் கே.சி. ஜெனரல் போன்ற ஓர் அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். நம் நாயை அலட்சியமாக விட்டால் பாரதிய நியாய சன்ஹிதா சட்டத்தின் 291-வது பிரிவில் சிறையோ அபராதமோ இரண்டுமோ உண்டு.

படி 7: தண்ணீர்

முதலில் ஏரிகள். 2015-லும் 2017-லும் 2018-லும் தீப்பிடித்த பெல்லந்தூர் ஏரியை யாரும் மறந்திருக்க முடியாது. கழிவுநீர் சேரும் ஏரி நகரத்தில் இன்னும் பல. மேலே பச்சை வண்ணம் கரைத்துவிட்டது போல் பாசி படர்ந்திருந்தால் அது நச்சுப் பாசியாக இருக்கலாம். குடித்த நாய் சில மணி நேரத்திலேயே இறந்துபோகலாம். ஆகவே நீச்சல் குளம்தான், அதுவும் முறையாகச் சுத்தம் செய்யும் குளம்.

எல்லா நாயும் பிறவியிலேயே நீந்தும் என்பது உண்மையல்ல. லாப்ரடார் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து மீனவர்களோடு தண்ணீரில் வேலை செய்த நாய்களின் வழி வந்தது, விரலிடையில் சவ்வு உண்டு. தண்ணீரைக் கண்டால் குதிக்கும். பக், புல்டாக், டாக்ஸண்ட் அப்படி இல்லை. பக்குக்கும் புல்டாக்குக்கும் கனத்த தலை, மூச்சு திணறும் மூக்கு; டாக்ஸண்டுக்குக் குட்டைக் கால். இவற்றுக்கு முதுகில் கைப்பிடி உள்ள லைஃப் ஜாக்கெட் கட்டாயம். முதல் முறை எந்த நாய்க்கும் அதைப் போடுவதே நல்லது.

தூக்கிப் போடாதீர்கள். சுற்றி நிற்பவர்கள் “போட்டுடுங்க, தானா கத்துக்கும்” என்பார்கள். கேட்காதீர்கள். அப்படிப் போட்ட நாய் அதன்பின் குளத்தின் பக்கமே போகாது. நீங்கள் முதலில் இறங்கி முதல் படியில் உட்காருங்கள். அது ஓரத்தில் நின்று முன்னங்காலை நனைக்கும், உதறும், பின்வாங்கும், மறுபடி வந்து தண்ணீரை நக்கும். விட்டுவிடுங்கள். முதல் நாள் கால் நனைந்தாலே போதும். ஆழத்துக்கு வரத் துணிந்ததும் வயிற்றுக்கடியில் கையைக் கொடுத்துப் பின்பக்கத்தை மட்டமாக உயர்த்துங்கள். பழகாத நாய் முன்னங்காலால் மட்டும் தண்ணீரை அடித்துச் செங்குத்தாக நிற்கும். பின்பக்கம் மேலே வந்ததும் நான்கு காலும் வேலை செய்யத் தொடங்கும். இறங்கிய இடத்துக்கே திரும்பி வந்து ஏறும் வழியை இரண்டு மூன்று முறை காட்டிக்கொடுங்கள். குளத்தில் தவிக்கும் நாய்களில் பல நீந்தத் தெரிந்தவைதான், ஏறும் படி எங்கே என்று தெரியாதவை.

ஐந்து நிமிடம் நீச்சல், பிறகு கரையில் ஓய்வு. பந்தைத் திரும்பத் திரும்ப எறியாதீர்கள். பந்தைக் கவ்வ வாயை அகலத் திறக்கும்போது ஒவ்வொரு முறையும் தண்ணீர் உள்ளே போகும். அதிகம் குடித்தால் இரத்தத்தில் உப்புச் சத்து குறைந்து உயிருக்கே ஆபத்து. வயிறு உப்பி, தள்ளாடி, வாந்தி எடுத்து, கண் மந்தமானால் வேடிக்கை பார்க்காமல் டாக்டரிடம் ஓடுங்கள். தட்டையான மிதவைப் பொம்மை பந்தைவிட நல்லது.

வெயில் தாக்கினால் வேறு அறிகுறி: விடாத இளைப்பு, கெட்டியான எச்சில், ஈறு கருஞ்சிவப்பு, தடுமாற்றம். நிழலுக்குக் கொண்டுபோய், சாதாரணத் தண்ணீரை உடல் முழுவதும் ஊற்றி விசிறியபடியே மருத்துவமனைக்கு விரையுங்கள். நாயின் இயல்பான உடல் வெப்பமே 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட். 105-ஐத் தாண்டினால் ஒவ்வொரு நிமிடமும் முக்கியம்.

படி 8: வீடு திரும்பியதும்

குளோரின் தண்ணீரில் இறங்கிய நாயை நல்ல தண்ணீரில் அலசி, துண்டால் ஈரம் போகத் துடையுங்கள். காதைப் பஞ்சால் வெளிப்பக்கம் மட்டும் ஒற்றி எடுங்கள், பட்ஸ் உள்ளே விடாதீர்கள். லாப்ரடார், காக்கர் ஸ்பேனியல் போலத் தொங்கு காது உள்ளவற்றுக்கு ஈரம் தங்கிச் சீழ் பிடிக்கும்.

அடுத்தது உண்ணி வேட்டை. காதின் உள்மடிப்பு, பெல்ட்டுக்கு அடியில், அக்குள், வாலுக்கடியில், விரலிடுக்கு, இந்த ஐந்து இடத்தையும் விரலால் தடவுங்கள். மிளகு போல் தட்டுப்பட்டால் சின்ன இடுக்கியால் தோலோடு ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள். நசுக்கக் கூடாது, எண்ணெயோ தீக்குச்சியோ கூடாது. அடுத்த இரண்டு மூன்று வாரத்தில் காய்ச்சல், சோறு மறுப்பு, மூக்கில் ரத்தம் எதைப் பார்த்தாலும் இரத்தப் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள். கட்டணம் தாங்காது என்றால் குவீன்ஸ் ரோடு அரசு கால்நடை மருத்துவமனையும் ஹெப்பால் கால்நடைக் கல்லூரியும் இருக்கின்றன.

அரை மணி நேரம் ஆறிய பிறகே சோறு. மறுநாள் காலையில் வால் செத்ததுபோல் தொங்கினால் பதற வேண்டாம். நீண்ட நேரம் நீந்திய நாய்களுக்கு வால் தசை பிடித்துக்கொள்வது உண்டு, சில நாள் ஓய்வில் சரியாகிவிடும். வலியால் முனகினால் மட்டும் டாக்டரிடம் காட்டுங்கள். நொண்டவில்லை, சாப்பிடுகிறது, மலம் சரியாகப் போகிறது என்றால் அடுத்த ஞாயிறு அதே நேரத்துக்கு ஆட்டோ அண்ணனுக்குச் சொல்லி வையுங்கள். இடையில் உள்ள ஆறு நாளும் மொட்டை மாடியில் ஈரல் டப்பாவோடு கூப்பிடும் பயிற்சியை விடாதீர்கள்.